சட்டை போட்ட கம்பி

கொசு என்பது அவளுக்கு அப்பா வைத்த பட்டப்பெயர். எந்த வேலையைச் செய்தாலும் உதட்டை மூடிக்கொண்டு 'ங்ங்ங்' என்று ஒரு ராகத்தை இழுத்துக்கொண்டேதான் செய்வாள். பல் தேய்க்கும்போதுகூட அந்த ராகம் நிற்காது. பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேட்டில் வேறொரு நல்ல பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால், அது தன்னைத்தான் என்று புரிய அவளுக்கே கொஞ்ச நேரம் ஆகும்.

வயது பத்து. அப்பா வெல்டர். இரும்புக் கேட்டும் ஜன்னல் கம்பியும் செய்கிற பட்டறையில் வேலை. அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமைகூட டியூட்டி இருக்கும்.

மூன்று மாதமாக கொசுவும் அப்பாவும் சனிக்கிழமை காலையில் நூலகத்தின் பின்னறைக்குப் போய்வந்தார்கள். அங்கே ஒரு கல்லூரி அக்கா சால்டரிங் சொல்லிக் கொடுத்தாள். பேனா மாதிரி ஒரு கருவி. அதன் நுனி மட்டும் பயங்கரமாகச் சுடும். அந்தச் சூட்டில் மெல்லிய ஈயக் கம்பியை உருக்கி, இரண்டு கம்பிகளைச் சேர்த்து ஒட்ட வைப்பார்கள். பிள்ளைகள் பெரியவர் ஒருவரோடுதான் வர வேண்டும் என்பது அந்த வகுப்பின் சட்டம். அதனால்தான் அப்பாவும் மாணவராகிவிட்டார்.

முதல் நாள் அப்பா பட்டறையிலிருந்து தன்னுடைய வெல்டிங் முகமூடியைக் கொண்டுவந்தார்.

"கண்ணுதான் முக்கியம். எனக்கு இதெல்லாம் பழக்கம்" என்று பெருமையாகச் சொல்லி மாட்டிக்கொண்டார்.

வெல்டிங் முகமூடியின் கண்ணாடி கன்னங்கரேலென்று இருக்கும். கண் கூசுகிற வெல்டிங் தீப்பொறியைத் தவிர வேறு எதுவும் அதன் வழியே தெரியாது. நூலகத்தின் பின்னறையில் தீப்பொறி ஏது? அப்பாவுக்கு மேஜையும் தெரியவில்லை, அக்காவும் தெரியவில்லை. கையால் துழாவித் துழாவி, பக்கத்தில் இருந்தவரின் தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்துவிட்டார்.

"சார், இங்க சாதாக் கண்ணாடி போதும் சார்" என்றாள் அக்கா, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

அப்பா ஒட்டிய முதல் இணைப்பில் ஈயம் புளியங்கொட்டை அளவுக்கு இருந்தது. அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சார், இது கேட் இல்ல. யாரும் இதைப் புடிச்சு ஆடப் போறதில்ல."

மூன்றாவது வாரத்திலிருந்து அப்பா பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார். "என் கை பட்டறைக்குப் பழகின கை. நீ பண்ணு, நான் பாத்துக்கறேன்" என்றார்.

கொசுவுக்கோ அந்த வேலை அப்படிப் பிடித்துப்போனது. ஈயத்தை உருக்கி ஊற்றக் கூடாது. கம்பியைத்தான் சூடாக்க வேண்டும். கம்பி சூடானால் ஈயம் தானாக ஓடிவந்து அதைக் கட்டிக்கொள்ளும். அப்படி ஓடுகிற அந்த ஒரு நொடிக்காக அவள் எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் உட்காருவாள். கடைசியாக அவள் செய்தது பேட்டரியில் எரிகிற ஒரு விளக்கு மணி. சத்தம் வராது. பொத்தானை அழுத்தினால் சிவப்பு பல்பு எரியும், அவ்வளவுதான். அதைத் தம்பட்டம் அடித்தபடி முதலில் தையல் அத்தையிடம்தான் கொண்டுபோய்க் காட்டினாள்.

தையல் அத்தை யார் என்று சொல்ல வேண்டும். கொசுவின் வீடு மூன்றாவது மாடி. அதே கட்டடத்தில் தரைத்தளத்தில் அத்தையின் தையல் கடை. கடைக்குப் பின்னால் ஓரமாக ஒரு சின்ன அறை. அதுதான் அத்தையின் வீடு. சொந்த அத்தை இல்லை. ஆனால் நான்கு வயதிலிருந்து, பள்ளிக்கூடம் விட்டதும் அப்பாவோ அம்மாவோ வேலையிலிருந்து வரும்வரை கொசு இருப்பது அந்தக் கடையில்தான். துணி வெட்டுகிற பெரிய மேஜைக்கு அடியில் அவளுக்கென்று ஒரு பாய் உண்டு. வீட்டுப்பாடம் அங்கேதான். தூக்கம் வந்தால் துண்டுத் துணிகளே தலையணை. ஒருமுறை பள்ளிக்கூடத்திலேயே காய்ச்சல் வந்தபோது, அவசரத் துணியைப் பாதியில் போட்டுவிட்டு ஓடிவந்து, தோளில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர் அத்தைதான்.

இரண்டு வருடமாக அத்தைக்குக் காது கேட்பது குறைந்துகொண்டே வந்தது. காதில் மாட்டும் கருவி ஒன்று வாங்கினார்கள். அதை மாட்டிக்கொண்டு தைத்தால், மெஷின் சத்தம் காதுக்குள் லாரி ஓடுவது மாதிரி இருக்கிறது என்று கழற்றி டப்பாவில் போட்டுவிட்டார். எதிரே நின்று பேசினால் உதட்டைப் பார்த்தே முக்கால்வாசி புரிந்துகொள்வார். புரியாததைத் துணியில் கோடு போடுகிற சாக்குக்கட்டியால் மேஜையில் எழுதிக் காட்டினால் போதும். மேஜைக்குக் கறுப்பு வர்ணம். எழுதுவதும் துடைப்பதும் சுலபம்.

ஒரே ஒரு தொல்லைதான். அத்தையின் மெஷின் பின்பக்கத்து ஜன்னலைப் பார்த்தபடி இருந்தது. வாசல் முதுகுக்குப் பின்னால். திருப்பிப் போட்டுப் பார்த்தார்கள். அத்தையின் நிழல் அத்தையின் துணிமேலேயே விழுந்தது, தையல் கோணல்மாணலாகப் போனது. மறுபடியும் ஜன்னல் பக்கமே போட்டாயிற்று. வாடிக்கையாளர்கள் வந்து கதவைத் தட்டுவார்கள். தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள்.

ஒரு வியாழக்கிழமை பள்ளி விட்டு வந்த கொசு, கடை வாசலிலேயே நின்றுவிட்டாள். மேஜைக்குப் பக்கத்தில் நான்கு அட்டைப் பெட்டிகள் கயிறு போட்டுக் கட்டி இருந்தன.

சாக்குக்கட்டியை எடுத்தாள். 'எங்கே?' என்று எழுதினாள்.

"என் பையன் வரான். என்னைத் தன்னோட கூட்டிட்டுப் போறான்" என்றார் அத்தை. "ஞாயித்துக்கிழமை பன்னெண்டு மணிக்கு வண்டி."

"ஏன்?"

அத்தை நூல்கண்டுகளை வரிசைப்படுத்திக்கொண்டே சொன்னார். "போன மாசம் வந்தான் இல்ல? அரை மணி நேரமா கதவைத் தட்டியிருக்கான். நான் இங்க தைச்சுட்டு இருக்கேன். எனக்கு எங்க கேக்குது? அம்மாவுக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு பயந்து, தாழ்ப்பாளை உடைச்சுட்டு உள்ள வந்தான். அவன் முகத்தை நீ பாத்திருக்கணும். வெளுத்துப்போய் நின்னான். அந்த முகத்தைப் பாத்த பிறகு வர மாட்டேன்னு எப்படிச் சொல்றது?"

"அங்கயும் தைப்பீங்களா?"

"மெஷின் வைக்க அங்க இடம் இல்லடா."

கொசு மெதுவாக எழுதினாள்: 'போக உங்களுக்கு ஆசையா?'

அத்தை அதைப் படித்தார். ஒரு துண்டுத் துணியால் எழுத்தைத் துடைத்துவிட்டு மெஷினில் போய் உட்கார்ந்தார். மெஷின் கடகடவென்று ஓடியது. கொசு எட்டிப் பார்த்தாள். ஊசிக்கு அடியில் துணியே இல்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் 'ங்ங்ங்' கேட்கவில்லை. அப்பா இரண்டு தடவை அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"காய்ச்சல் இல்லையே. என்ன ஆச்சு?"

"அப்பா, ஆறு வருஷமா அத்தை என்னைப் பாத்துக்கிட்டாங்க. நான் ஒரு நாள்கூட அவங்களுக்கு நன்றி சொல்லல" என்றாள் கொசு. சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. "இப்ப சொல்லிட்டா அனுப்பி வைக்கிற மாதிரி ஆயிடும். அவங்க போகவே கூடாது. அவங்களுக்கும் போக ஆசை இல்ல."

அப்பா அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். "அந்தப் பையனும் பாவம்தானே? அம்மா கதவைத் திறக்கலேன்னா யாரா இருந்தாலும் உடைச்சுட்டுத்தான் உள்ள போவாங்க."

கொசு மூக்கை உறிஞ்சியபடி யோசித்தாள். பையனுக்கு என்ன வேண்டும்? தான் வந்தது அம்மாவுக்குத் தெரிய வேண்டும். கதவு தட்டுவது காதுக்குத்தானே கேட்காது? கண் நன்றாகத்தானே இருக்கிறது?

"அப்பா! விளக்கு மணி!" என்று குதித்தாள். "பொத்தானை வாசல்ல வைப்போம். பல்பை மெஷின் மேலயே வைப்போம்!"

"கெட்டிக்காரி" என்றார் அப்பா.

வகுப்பில் கொடுத்த கம்பி ஒரு முழம்தான் இருந்தது. வாசலிலிருந்து மெஷின் வரை போக ஒரு கம்பி வேண்டும், வர ஒரு கம்பி வேண்டும். வெள்ளிக்கிழமை கொசு எதிர்த்தெருவில் மின்விசிறிக்குச் செப்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற கடைக்குப் போனாள். காயில் கட்டுபவர் இரண்டு கைகளிலும் வேலையாக இருந்தார்.

"மாமா, செப்புக் கம்பி கொஞ்சம் கிடைக்குமா? நீளமா வேணும்."

"அந்த மூலையில பழைய காயில் கிடக்கு பாரு. எவ்வளவு வேணுமோ பிரிச்சுக்கோ."

அவள் பிரித்துக்கொண்டாள். பளபளவென்று செம்பு நிறத்தில் நல்ல நீளக் கம்பி. சனிக்கிழமை சாயங்காலம் அப்பாவும் அவளும் சுவரோரமாக அதை டேப் வைத்து ஒட்டினார்கள். அத்தை பெட்டிகளுக்கு நடுவே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் இருட்டிவிட்டதால், ஈயம் வைக்கிற வேலையை மட்டும் காலைக்குத் தள்ளிப்போட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு ஜன்னல்களை எல்லாம் திறந்துவிட்டு, சாதாக் கண்ணாடி மாட்டிக்கொண்டு வேலையை ஆரம்பித்தார்கள். கம்பியைப் பொத்தானின் காலில் கொக்கி போல மாட்டி, சூடு காட்டி, ஈயத்தை நீட்டினாள் கொசு.

ஈயம் ஓடவில்லை. உருண்டை பிடித்து, கம்பியைத் தொடவே பிடிக்காதது போல உருண்டு மேஜையில் விழுந்தது.

இன்னொரு தடவை செய்தாள். மறுபடியும் உருண்டை.

"ஒட்டலேன்னா இன்னும் கொஞ்சம் போடு" என்றார் அப்பா. பட்டறை யோசனை.

நேரம் வேறு ஓடிக்கொண்டிருந்தது. கொசு இன்னும் கொஞ்சம் போட்டாள். அதற்கும் மேலே கொஞ்சம் போட்டாள். நான்கு இணைப்புகளிலும் கொண்டைக்கடலை அளவுக்கு ஈயம் உட்கார்ந்தது. கொக்கியின் வால் மட்டும் ஒவ்வொன்றிலும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அப்பா ஒன்றைப் பிடித்து இழுத்துப் பார்த்தார்.

"யானையைக் கட்டினாலும் நிக்கும்!"

அந்த நேரம் பார்த்து அத்தையின் மகன் வந்து சேர்ந்தார். உயரமான, அமைதியான அண்ணன். ஒன்பது மணிக்கே வந்துவிட்டார். சுவரில் ஓடும் கம்பியையும் மெஷின் மேல் இருக்கும் சின்ன பல்பையும் ஆச்சரியமாகப் பார்த்தார்.

கொசு ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னாள். "நீங்க வெளிய போய் இந்தப் பொத்தானை அழுத்துங்க அண்ணா. அத்தை உள்ள தைச்சுட்டு இருப்பாங்க. உடனே திரும்பிப் பாப்பாங்க. அப்புறம் நீங்க பயப்படவே வேணாம். அத்தையும் போகவே வேணாம்!"

அண்ணன் அம்மாவைப் பார்த்தார். அத்தை பல்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணை எடுக்கவே இல்லை.

அண்ணன் வெளியே போய்ப் பொத்தானை அழுத்தினார்.

பல்பு எரியவில்லை.

இன்னொரு முறை அழுத்தினார். அழுத்திப் பிடித்தார். பத்து முறை தட்டிப் பார்த்தார். பல்பு மூச்சு விடவில்லை. அப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை.

அண்ணன் உள்ளே வந்தார். திட்டியிருந்தால்கூட கொசுவுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவரோ குனிந்து, "பரவாயில்ல பாப்பா. எங்க அம்மாவுக்காக இவ்வளவு செஞ்சியே, அதுவே பெருசு" என்றார். பிறகு ஒரு பெட்டியைத் தூக்கி வாசலுக்குப் பக்கத்தில் வைத்தார். அத்தை பல்பிலிருந்து கண்ணை எடுத்துவிட்டு, நூல்கண்டு டப்பாவை மூடினார்.

கொசு மேஜைக்கு அடியில் தன் பாயில் போய் உட்கார்ந்துகொண்டாள். அழ வேண்டும் போல இருந்தது. அழுதால் கண்ணாடியில் நீராவி படியும், வேலை செய்ய முடியாது. அதனால் அழுகையைத் தள்ளிப்போட்டாள்.

'எதனால எரியல? ஒவ்வொண்ணாப் பாப்போம்.'

மெஷினிலிருந்து பல்பைக் கழற்றி, வகுப்பில் கொடுத்த பழைய கம்பியால் பேட்டரியோடு சேர்த்தாள். எரிந்தது. பல்பு நல்ல பல்பு, பேட்டரி நல்ல பேட்டரி. வாசலுக்கு ஓடிப் பொத்தானையும் அதே மாதிரி சோதித்தாள். அதுவும் நல்ல பொத்தான். அப்படியானால் மிச்சம் இருப்பது செப்புக் கம்பிதான்.

"அப்பா, செம்புல கரண்ட் ஓடும்தானே?"

"ஓடாம? ஃபேன் முழுக்க அதானே சுத்தியிருக்கு?"

அதுதான் அவளுக்கும் புரியவில்லை. ஒரு துண்டை வெட்டித் தனியாகச் சோதித்துப் பார்க்கலாம் என்று, மிச்சக் கம்பியை எடுத்துக்கொண்டு கைக்கு எட்டிய கத்திரிக்கோலை எடுத்தாள்.

"ஏய்! துணிக் கத்திரி!"

காலையிலிருந்து வாயே திறக்காத அத்தை அலறிய அலறலில் அண்ணன் கையில் இருந்த பெட்டி நழுவியது. "முப்பது வருஷக் கத்திரி! அதுல கம்பி வெட்டுவியா நீ?"

கொசு பயந்துபோய்க் கத்திரியைக் கீழே வைத்தாள். அப்பா தன் கட்டிங் பிளேயரை நீட்டினார். அதில் கம்பியை வெட்டி, அந்தத் துண்டை பேட்டரிக்கும் பல்புக்கும் நடுவே பிடித்தாள் கொசு.

எரியவில்லை. கை கொஞ்சம் நகர்ந்தது. பல்பு ஒரே ஒரு முறை மினுக்கியது.

"இரு இரு இரு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கம்பியின் பக்கவாட்டை வைத்தாள். எரியவில்லை. வெட்டிய முனையைக் குத்தி வைத்தாள். மினுக்கியது. பக்கவாட்டில் வைத்தால் இல்லை. முனையில் வைத்தால் மினுக்கல்.

ஜன்னல் வெளிச்சத்தில் கம்பியைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோனாள். வெட்டிய முனை புத்தம்புது செம்பாகப் பளீரென்று இருந்தது. பக்கவாட்டோ டீ நிறத்தில் லேசாக மங்கி இருந்தது. கம்பி முழுக்க மெல்லிசாக ஏதோ பூசியிருக்கிறார்கள்!

"அப்பா! இது சட்டை போட்டிருக்கு!"

"என்னது?"

"கம்பி சட்டை போட்டிருக்குப்பா! மெல்லிசா, கண்ணுக்கே தெரியாத சட்டை! கரண்ட் உள்ள ஓடுது, வெளிய வர முடியல. ஈயமும் சட்டை மேலதான் உக்காந்திருக்கு. செம்பைத் தொடவே இல்ல!"

அப்பா கம்பியை வாங்கிப் பார்த்தார். பிளேயர் முனையால் லேசாகச் சுரண்டினார். டீ நிறம் தூளாக உதிர்ந்தது. உள்ளே செம்பு பளிச்சிட்டது. அப்பா தன் நெற்றியில் படாரென்று அடித்துக்கொண்டார்.

"பெயின்ட்டைச் சுரண்டாம ஒரு கேட்டுக்காவது வெல்டிங் வச்சிருக்கேனா நான்? இருபது வருஷத்துல ஒரு தடவை? புதுசா வர பசங்க சுரண்டாம வச்சா எப்படிக் கத்துவேன்! இங்க வந்து இன்னும் கொஞ்சம் போடு, இன்னும் கொஞ்சம் போடுன்னு சொல்லிட்டு நிக்கறேன் பாரு!"

"பரவாயில்லப்பா. உப்புத்தாள் குடுங்க" என்றாள் கொசு. நேரம் பத்தரை ஆகியிருந்தது.

கொண்டைக்கடலைகளை உருக்கி எடுத்தார்கள். நான்கு முனைகளையும் உப்புத்தாளால் சுற்றிச் சுற்றித் தேய்த்தாள். சட்டையை முழுக்கக் கழற்றும்வரை விடவில்லை. பிறகு முதல் முனையைப் பொத்தானின் காலில் மாட்டி, கம்பிக்குச் சூடு காட்டினாள். மனசுக்குள் நான்கு வரை எண்ணினாள். ஈயத்தை நீட்டினாள்.

ஈயம் ஓடியது. வெள்ளிபோல மின்னிக்கொண்டு, கம்பியைச் சுற்றி ஒரே ஓட்டமாக ஓடிக் கட்டிக்கொண்டது.

'ங்ங்ங்' என்று ராகம் ஆரம்பித்தது. அப்பாவுக்கு அப்பாடா என்றிருந்தது.

நான்காவது முனை முடிந்தபோது பதினொன்றே முக்கால். கடை காலியாகக் கிடந்தது. பெட்டிகள் எல்லாம் வாசலில். மெஷினுக்கு மட்டும் இன்னும் துணி போர்த்தவில்லை.

கொசு அண்ணனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "இன்னும் ஒரே ஒரு தடவை, அண்ணா."

அவர் மறுக்கவில்லை. கொசு அத்தையை மெஷினில் உட்கார வைத்து, ஒரு துண்டுத் துணியைக் கையில் கொடுத்தாள். 'தைங்க' என்று ஜாடை காட்டினாள். அத்தை தைத்தார். மெஷின் கடகடவென்று ஓடியது. இந்த முறை அவர் பல்பைப் பார்க்கவில்லை. ஒரு தடவை ஏமாந்ததே போதும் என்பது போலத் துணியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசலில் அண்ணன் பொத்தானை அழுத்தினார்.

துணிமேல் சிவப்பு வெளிச்சம் விழுந்தது.

அத்தையின் கால் நின்றது. மெஷின் நின்றது. அவர் திரும்பினார். கடைக்கு யார் வந்தாலும் முப்பது வருடமாகச் சொல்கிற வார்த்தை தானாக வந்தது.

"வாங்க! உள்ள வாங்க!"

வாசலில் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். விரல் இன்னும் பொத்தானில்தான் இருந்தது. எடுக்க மனசு வரவில்லை போலிருக்கிறது. பல்பும் எரிந்துகொண்டே இருந்தது.

"அண்ணா, விட்டுடுங்க. பேட்டரி தீந்துடும்" என்றாள் கொசு.

அவர் சிரித்தபடி உள்ளே வந்தார். ஆனால் கவலை இன்னும் முழுதாகப் போகவில்லை. "பின்னாடி ரூம்ல இருந்தாங்கன்னா?"

"அங்க ஒரு பல்பு வைக்கலாம். கம்பி நிறைய மிச்சம் இருக்கு. எப்படி ஒட்டணும்னு இப்ப எனக்கு நல்லாத் தெரியும்."

அண்ணன் சாக்குக்கட்டியை எடுத்தார். மேஜையில் எழுதினார்: 'அம்மா, உண்மையைச் சொல். வருகிறாயா, இங்கேயே இருக்கிறாயா?'

அத்தை அதைப் படித்துவிட்டு மெஷின்மேல் கை வைத்தார்.

"உன் மேல கோவம் எல்லாம் இல்லப்பா" என்றார். "நீ பயந்தது எனக்குத் தெரியும். அதுக்காகத்தான் சரின்னேன். ஆனா எனக்குத் தைக்கணும். இங்கயே இருந்து தைக்கணும்."

அண்ணன் தலையை ஆட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு முதல் பெட்டியைத் தூக்கி உள்ளே கொண்டுவந்து வைத்தார்.

சரியாகப் பன்னிரண்டு மணிக்கு வண்டி வந்தது. வண்டிக்காரர் வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார்.

"எதை ஏத்தணும்?"

"ஒண்ணும் ஏத்த வேணாம். டீ குடிச்சுட்டுப் போங்க" என்றார் அப்பா.

வண்டிக்காரர் தலையைச் சொறிந்தார். "அப்ப இந்தச் சட்டையில கை கிழிஞ்சிருக்கு. வந்ததுக்கு அதையாவது தைச்சுக் குடுக்கறீங்களா?"

அத்தை அதை நிமிடத்தில் தைத்துக் கொடுத்தார். பிறகு கொசுவை அருகில் இழுத்து, அவளுடைய கையைத் திருப்பிப் பார்த்தார். உப்புத்தாள் தேய்த்து விரல்நுனி எல்லாம் சிவந்து போயிருந்தது.

"இந்தச் சின்னக் கைக்கு நான் எப்படி நன்றி சொல்றது?"

கொசு மேஜையைத் துடைத்தாள். சாக்குக்கட்டியை எடுத்து, மேஜையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை எழுத ஆரம்பித்தாள். 'எனக்குக் காய்ச்சல் வந்தபோது தூக்கிக்கொண்டு ஓடியதற்கு நன்றி. பாய் போட்டுக் கொடுத்ததற்கு நன்றி. பென்சில் சீவிக் கொடுத்ததற்கு நன்றி. நான் ராகம் இழுத்தால் ஒருநாளும் நிறுத்தச் சொல்லாததற்கு நன்றி...' மேஜை தீரும்வரை எழுதினாள்.

அத்தை ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். கடைசி வரிக்கு வந்ததும், "உன் ராகம் எனக்குக் கேட்டே ரெண்டு வருஷம் ஆச்சுடி" என்று சொல்லி, அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தார், அழவும் செய்தார். அன்று முழுக்க அவர் அந்த மேஜையில் துணி வெட்டவில்லை.

சாயங்காலம் அண்ணன் ஊருக்குக் கிளம்பினார். எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டுப் போனார். அத்தை மெஷினில் உட்கார்ந்து ஒரு தையல் போட்டிருப்பார், அதற்குள் சிவப்பு விளக்கு எரிந்தது.

அத்தை எழுந்துபோய்க் கதவைத் திறந்தார். அண்ணன்தான் நின்றுகொண்டிருந்தார்.

"என்னப்பா, எதை மறந்துட்டே?"

"ஒண்ணும் மறக்கலம்மா. சும்மாதான்" என்றார் அவர், சின்னப் பையன் மாதிரி இளித்துக்கொண்டு.

தெருமுனை வரை போனவர் மறுபடியும் திரும்பி வந்து, இன்னொரு தடவை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினார்.